நாப்கினுக்கு முன்னால் தாழ்ப்பாள்: அரசு பெண்கள் பள்ளி ஒன்றில் நான் பட்ட பாடு

கையை விட்டுப் போனது 70,000 ரூபாய்க்குப் பக்கம். பாதிக்கு மேல் என் சேமிப்பு, மிச்சம் நண்பர்கள் போட்டுக் கொடுத்தது. அதோடு ஒரு கல்வியாண்டின் சனிக்கிழமைகளும், அலுவலகத்தில் எடுக்க முடிந்த விடுப்பும். இதில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் (நான் வேலை பார்ப்பதே கணக்குப் பிரிவில்தான்) 15,000-ஐத் தாண்டவில்லை. அரசுப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் சுகாதாரத்துக்காக ஏதாவது செய்யலாம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பள்ளியின் பெயரும் ஊரும் வேண்டாம். ஏன் என்பது போகப்போகத் தெரியும். வட மாவட்டம் ஒன்று, பேரூராட்சிக்குள் இருக்கும் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. அவ்வளவு போதும்.

அங்கே ஆசிரியையாக இருக்கும் தோழி சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பில் சில பிள்ளைகள் மாதம் இரண்டு மூன்று நாள் வருவதே இல்லை, கேட்டால் "வயித்துவலி மிஸ்" என்று ஒரே பதில், மார்க்கில் அது அப்படியே தெரிகிறது என்றாள். நாப்கின் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நண்பர்கள் வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். புதுயுகம் திட்டத்து நாப்கின்கள் அடுக்கி வைத்திருந்தன. 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 2012-லிருந்து தமிழ்நாடு அரசு இலவசமாகத் தருவது; ஒரு பாக்கெட்டில் 6, ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 18 பாக்கெட். "நாப்கின் இருக்கும்மா. அதை மாத்துறதுக்குத்தான் இடம் இல்ல. வாங்க, காட்டுறேன்" என்று எழுந்தார்.

கழிப்பறை வரிசையைப் போய்ப் பார்த்தோம். கட்டடம் நன்றாகத்தான் இருந்தது, டைல்ஸ்கூட ஒட்டியிருந்தது. ஆனால் பாதிக் கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குழாய் வெளியே. காலையில் ஏற்றிய தண்ணீர் மதியச் சாப்பாட்டோடு காலி. கழற்றிய பேண்டை மாட்ட ஆணி கிடையாது, ஈரத் தரையில் படாமல் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய நாப்கினைப் போட எதுவும் இல்லை. இன்டர்வல் பத்து நிமிடம். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. காலை ஏழு மணிக்கு வீட்டில் வைத்த நாப்கினோடு பஸ் ஏறி, மாலை ஐந்தரைக்கு வீடு திரும்புகிற பிள்ளை எங்கே மாற்றுவாள்? மாற்றாமலே இருப்பாள், இல்லையென்றால் வர மாட்டாள். கழிப்பறைக்கே போக வேண்டாம் என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள், அதனால் நீர்க்கடுப்பு வந்தவர்கள் பற்றியெல்லாம் பின்னால் அவர்களே சொன்னார்கள். எனவே நீங்கள் எந்தப் பள்ளிக்குப் போனாலும், கழிப்பறையைக் காலையில் பார்க்காதீர்கள். கழுவிவிட்டு அழகாக வைத்திருப்பார்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியை சரி என்றால் போதாது. வெளியாட்கள் மாணவிகளிடம் பேச வேண்டுமென்றால் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் அனுமதி வேண்டும். மனுவில் யார் பேசுவார்கள், அவர்களுடைய தகுதி, எந்த வகுப்புகள், என்னென்ன பேசுவார்கள், எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இருக்காது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பொருளாகவோ பணமாகவோ கொடுப்பதற்கு, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தர 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி’ திட்டத்தின் வழி இருக்கிறது, கணக்கு சுத்தமாக இருக்கும். காலண்டரையும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மே 28 உலக மாதவிடாய் சுகாதார நாள். அன்றைக்கு எல்லோருக்கும் உற்சாகம் பொங்கும், போஸ்டர் பறக்கும், ஆனால் நம் ஊரில் பள்ளிக்கூடமே பூட்டியிருக்கும்! டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் பொங்கல், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. என் அனுமதி கைக்கு வந்தபோது நவம்பர் முடியப் போகிறது. வேலை நடக்க வேண்டுமென்றால் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில்தான்.

இனி, பழைய நாப்கினை ஒழிக்க நான் வாங்கிய இன்சினரேட்டர். இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது. நாப்கினை எரித்துச் சாம்பலாக்கும் மின்சாரப் பெட்டி. போட்டோவில் பார்த்தால் பிரச்சினைக்கு ஒரே தீர்வு போலத்தான் இருக்கும். 32,000 ரூபாய் விலை, பாதி முன்பணம், இலவசமாகப் பொருத்தித் தருவோம், 800 டிகிரி வெப்பம், புகையே வராது என்றார் விற்றவர். பெட்டி வந்து இறங்கியது, மீதிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். பொருத்த வந்த பையன் சுவரைப் பார்த்துவிட்டு, "16 ஆம்பியர் பாயின்ட் இல்லையே மேடம், நான் என்ன பண்றது?" என்று கிளம்பிவிட்டான். கழிப்பறையில் இருந்தது ஒரே ஒரு பல்ப் பாயின்ட். மெயின் கட்டடத்திலிருந்து தனி வயர் இழுத்து, எர்த் கொடுத்து, எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் 6,500. புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வேண்டுமாம், அது விலையில் சேராதாம், அதற்கு இன்னொரு 4,000.

ஓட்டிப் பார்த்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. நாப்கினில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஜெல் இருக்கிறது. ரத்தத்தில் நனைந்து கனத்த ஒன்றைச் சாம்பலாக்க நல்ல வெப்பம் நின்று எரிய வேண்டும். இந்தப் பெட்டி அதை வெந்தும் வேகாத கரிக்கட்டியாக்கி வைத்தது. புகை பக்கத்து எட்டாம் வகுப்பு ஜன்னலுக்குள் போனது. குறைந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் மாதிரி நச்சு வாயுக்கள் வரும். இருமிக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. தலைமையாசிரியை சுவிட்சை அணைத்துவிட்டார். விற்றவர் இரண்டு வாரம் "சர்வீஸ் ஆள் வர்றாரு மேடம்" என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. பில் பள்ளியின் பெயரில் இருந்தது. புகாரும் பள்ளிதான் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியைக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், "எதுக்கும்மா எனக்கு இந்த வம்பு?" என்றார், அதில் தப்பு சொல்ல முடியவில்லை. அதற்குள் பெட்டியை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய பொருளை நினைத்தபோது தூக்கிப் போட முடியாது, பதிவேட்டிலிருந்து நீக்க உத்தரவு வேண்டும். ஆகவே அது இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. இன்சினரேட்டர் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: பில்லில் வாங்குபவர் பெயராக உங்கள் பெயர் இருக்கட்டும், நன்றாக ஓடிய பிறகு நன்கொடைக் கடிதத்தோடு ஒப்படையுங்கள். மீதிப் பணத்தை ஒரு மாதம் ஓடும்வரை கொடுக்காதீர்கள். அதே மாடல் இரண்டு வருடமாக ஓடும் பள்ளி ஒன்றின் விலாசம் கேளுங்கள். தராவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். வயரிங், புகைக்குழாய், சாம்பலை அள்ளும் ஆள், கரன்ட் பில் எல்லாவற்றையும் சேர்த்ததுதான் அதன் விலை. காசு போட்டால் நாப்கின் தரும் மெஷின் பற்றியும் பேச்சு வந்தது. தோழி வேறொரு பள்ளியில் பார்த்தது: 5 ரூபாய்க் காசில் பழைய கனமானது ஒன்று, புதிய மெல்லியது ஒன்று, மெஷின் ஒன்றை விழுங்கும், இன்னொன்றில் சிக்கிக்கொள்ளும். அவசரத்துக்கு ஓடி வரும் பிள்ளையின் கையில் காசே இருக்காது என்பது வேறு. வகுப்பு அலமாரியில் ஒரு டப்பா, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி, இது போதும்.

பெட்டி அணைந்த பிறகுதான் கழிப்பறையைக் கழுவும் அக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். ஐம்பதைத் தாண்டியவர். காலையில் இரண்டு மணி நேர வேலை என்று பெயர், சம்பளம் சொற்பம், அதுவும் மாதா மாதம் வராது. பீங்கான் அடைத்துக்கொள்ளும்போது குச்சியை விட்டும், சில நாள் வெறுங்கையாலும் நாப்கினை வெளியே எடுப்பவர் அவர்தான். "மிஷினு வாங்குனீங்க, பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறீங்க. ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களாம்மா?" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். என்ன செய்யலாம் என்று அவரே சொன்னார். ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் மூடி போட்ட வாளி. வெளியே வைத்தால் பிள்ளைகள் கையில் எடுத்துக்கொண்டு வர வெட்கப்படுவார்கள். பக்கத்தில் வெட்டி வைத்த நியூஸ்பேப்பர். அவருக்குத் தடிமனான கையுறை. தினமும் காலை பேரூராட்சி வண்டி வரும்போது தனிப் பையில் கொடுத்துவிடுவது.

பேரூராட்சியில் முதலில் எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்போது நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே நாப்கினைப் பத்திரமாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதைக் குறிப்பிட்டு தலைமையாசிரியை ஒரு கடிதம் எழுதியதும் துப்புரவு மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டார். அக்காவுக்கு மாதம் 1,000 ரூபாய் இன்னமும் நான்தான் அனுப்புகிறேன். இது என்னால் எத்தனை வருடம் முடியும் என்று தெரியாது, ஆனால் முழுச் செலவிலும் இதற்குத்தான் மனசு இடறவில்லை.

தாழ்ப்பாள்களுக்கும், கதவுக்குப் பின்னால் ஹூக்குகளுக்கும், வாளி, மக், தச்சர் கூலிக்கும் சேர்த்து 9,000 சொச்சம். கூடவே ஒரு நீளக் கண்ணாடி, வெளிச் சுவரில், இடுப்பிலிருந்து கீழே தெரியும் உயரத்தில். ஒரு பிள்ளை கேட்டு வாங்கியது. "பின்னாடி பாருடி, பட்டிருக்கா" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டே நாள் முழுக்கப் பாடம் கவனிக்காமல் இருப்பார்களாம். நான் செய்த செலவிலேயே அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால் அந்தக் கண்ணாடியைத்தான் சொல்வேன். மாற்று பேண்ட் நாலைந்தும் உடற்கல்வி ஆசிரியை அறையில் இருக்கின்றன.

வகுப்பு எடுக்க, பணி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் வந்தார். ஆறு ஏழு வகுப்புகளைத் தனியாக, பெரிய பிள்ளைகளைத் தனியாக வைத்தோம். வீடியோ காட்டினால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நாப்கினைப் பிரித்து, தண்ணீர் ஊற்றி, கையில் தொட்டுப் பார்க்கக் கொடுத்தபோதுதான் வாய் திறந்தார்கள். யாரும் வெளியில் பேசாத ஒன்று அப்போது வந்தது: பல பிள்ளைகளிடம் நாப்கின் ஒட்டி நிற்கும்படியான நல்ல ஜட்டி இல்லை. தளர்ந்துபோன ஒன்றில் ஒட்டினால் நடக்கும்போதே நகர்ந்து கறை படும். இலவச நாப்கின் எத்தனை கொடுத்தாலும் இதற்கு மருந்து அது இல்லை. மிச்சமிருந்த பணத்தில் அளவு வாரியாக வாங்கி, வகுப்பில் பேர் படிக்காமல், பையில் போட்டுக் கொடுத்தோம். துணி வைக்கும் பிள்ளைகளிடம் துணி கெட்டது என்று சொல்லாதீர்கள். சோப்பு போட்டு அலசி நல்ல வெயிலில் காய்ந்தால் துணி ஒன்றும் குறைந்ததில்லை. ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று பாவாடைக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால் உலர்த்துவதில்தான் சிக்கல். மொட்டை மாடியில், மேலே மெல்லிய துண்டு போட்டாவது வெயிலில் காயட்டும் என்றார் செவிலியர். அந்த வயதில் 21 நாளுக்கும் வரலாம், 45 நாளுக்கும் வரலாம். ஒரு மணி இரண்டு மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், ஏழு நாளைத் தாண்டினால், 15 வயதாகியும் வராவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்ததிலேயே பல முகங்களில் பயம் போய்விட்டது. வலிக்கு மாத்திரை மட்டும் நீங்கள் கையில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வைத்திருந்தோம். எல்லோரும் வைக்கச் சொல்கிறார்கள். அதில் என்ன வரலாம் என்று யாரும் சொல்வதில்லை. தயிர் சாப்பிடலாமா, கோயில் வாசலில் நிற்கலாமா, வெள்ளைப்படுதல் நோயா என்று வந்த சீட்டுகளுக்கு நடுவில், மாதவிடாய்க்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று வந்தது. வீட்டில் ஒரு ஆள் செய்வதைப் பற்றி இரண்டு வரி. அதற்கு மேல் எழுத மாட்டேன். அன்றிரவு நான் தூங்கவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம், 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. பிள்ளையின் அடையாளம் வெளியே போவதும் குற்றம். செவிலியருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது, அதனால் தப்பித்தோம். 1098 குழந்தைகள் உதவி எண்ணில் ஆரம்பித்து அவரே வழிநடத்தினார். பெட்டி வைப்பதற்கு முன்னாலேயே யார் திறப்பார்கள், யார் மட்டும் படிப்பார்கள், இப்படி ஒன்று வந்தால் அதே நாளில் யாரிடம் போவோம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாது. ஊர் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்த மாதமே ஒரு பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாவும் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். பொம்பளப் பிள்ளைகளுக்குக் கண்டதையும் சொல்லிக் கொடுக்கிறார்களாம். என்னைத் திட்டியதுகூடப் பரவாயில்லை, தோழியையும் சேர்த்துத் திட்டினார்கள். அவள் அங்கேயே வேலை பார்ப்பவள். தலைமையாசிரியை சமாளித்தார். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெரும்பாலும் பெற்றோர்தான், குறைந்தது பாதிப் பேர் பெண்கள். மாணவிகளிடம் பேசுவதற்கு முன் அந்தக் குழுக் கூட்டத்தில் அம்மாக்களுக்கு அதே வகுப்பை எடுங்கள். நாங்கள் பிரச்சினைக்குப் பிறகு எடுத்தோம். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் கேட்டார்கள், கூட்டம் முடிந்தும் போகவில்லை. வாசலில் வந்து நின்றவரின் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பணம் கொடுத்தவர்களில் சிலருக்குப் படம் வேண்டும், பிள்ளைகள் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது போல. மாட்டேன் என்றேன். ஒருவர் அடுத்த தவணையை நிறுத்திக்கொண்டார். தாழ்ப்பாளையும் வாளியையும் படம் எடுத்து, பில்லோடு அனுப்பினேன். அதைப் பார்த்து யாரும் உருகவில்லை. மாதவிடாயால் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று மேடைகளில் சுற்றிவரும் சதவீதங்களையும் நான் சொல்வதில்லை, அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பலருக்குப் பதில் இருக்காது. உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேடு இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள், பெயர் இல்லாமல் மாத எண்ணிக்கை மட்டும். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் மாதாமாதம் வரும் அந்த விடுப்பு குறைந்திருக்கிறது என்று தோழி சொல்கிறாள். தாழ்ப்பாளாலா, தேர்வு நெருங்கியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

தண்ணீர் மட்டும் இன்னும் தீரவில்லை. மதியம் இன்னொரு முறை மோட்டார் போட ஆள் வேண்டும், தொட்டியும் சின்னது. பேரூராட்சிக்குக் கொடுத்த மனு நகர்கிறது என்கிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் முதலில் மதியம் இரண்டு மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பதாக இருக்கிறேன். இந்த வருடம் புதிதாக எதையும் வாங்கும் எண்ணம் இல்லை.